பார்கோடு இல்லாத பிரித்தானிய முத்திரைகளைக் கொழும்பிலிருந்து மாற்றிக்கொண்ட அனுபவம்

அரசி இறந்ததும் அவருடைய தலை பொறித்த முத்திரைகளும் செல்லாமற் போய்விட்டன என்பதே எங்கள் உறவினர் பலரின் முடிவாக இருந்தது. அது முற்றிலும் தவறு. இரண்டாம் எலிசபெத் காலமானது 2022 செப்டெம்பரில். ஆனால் பார்கோடு இல்லாத அன்றாடப் பாவனை முத்திரைகள் திரும்பப் பெறப்படும் என்று பிரித்தானிய அஞ்சல் நிறுவனமான ரோயல் மெயில் அவ்வாண்டு பெப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. 2023 ஜனவரி 31 என்று குறிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் பிறகு ஜூலை 31 வரை சலுகைக் காலமும் வழங்கப்பட்டது. அரசியின் தலையுடன் பார்கோடும் உள்ள முத்திரைகள் இன்றும் செல்லும். பார்கோடு இல்லாதவற்றைக் கடிதத்தில் ஒட்ட முடியாதே தவிர, புதியனவாக மாற்றிக்கொள்ள முடியும். இந்த வேறுபாடு தெரியாமல், லண்டனில் நீண்டகாலம் வாழ்ந்து வெள்ளவத்தைக்குத் திரும்பிய பெரியம்மா விட்டுச்சென்ற முத்திரைகளைக் குப்பையில் போடச் சொன்னவர்களும் இருந்தார்கள். கோட்டையில் பழைய முத்திரை வாங்கும் வியாபாரி ஒருவர், "திகதி முடிந்த சாமான்" என்று சொல்லி, ஒரு நேரச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாத விலை பேசினார்.

முத்திரைகளைப் பிரித்தெடுப்பது கடினமாக இருக்கவில்லை. ஷில்லிங், பென்னி மதிப்பில் அச்சான பழையவை 1972 பெப்ரவரி 29க்குப் பிறகு செல்லாதவை. அவற்றை மாற்றவும் முடியாது. படங்களுடன் வெளியான சிறப்பு முத்திரைகள் பார்கோடு இல்லாமலே இன்றும் செல்லும். ஆகவே அவற்றை மாற்றத் தேவையில்லை. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை தொகைக்குப் பதிலாக வகுப்பு மட்டும் அச்சிடப்பட்ட முதல் வகுப்பு (விரைவு விநியோக) முத்திரைகள். 1989இல் அறிமுகமான இவ்வகை முத்திரையை எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும், மாற்றும்போது முதல் வகுப்பு முத்திரையே கிடைக்கும். பெரியம்மா வாங்கிய தொண்ணூறுகளில் அதன் விலை ஏறத்தாழ 25 பென்ஸ். 2025 ஏப்ரலில் 1.70 பவுண்ட்.

எங்களை உண்மையில் வதைத்தது கடற்காற்று. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள வீடுகளில் சுவரிலிருந்த ஆணிகூடத் துருப்பிடிக்கும்போது, பின்புறம் பசை தடவிய முத்திரைத் தாள்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அவை ஒன்றோடொன்று அப்பளக்கட்டு போல ஒட்டிக்கிடந்தன. உதவிக்கு வந்த உறவினர் ஒருவர், என்னைக் கேளாமலே ஒரு தாளை நீரில் ஊறப்போட்டார். முத்திரைகள் அழகாகப் பிரிந்தன, ஆனால் பசை முழுவதும் கரைந்துவிட்டது. ஒருமுறை பாவித்து உறையிலிருந்து கழுவி எடுத்த முத்திரையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். பாவித்த முத்திரைகள் ஏற்கப்படமாட்டா என்பதால், வீண் சந்தேகத்துக்கு இடம்கொடுக்க விரும்பாமல் அந்தத் தாளை முழுவதுமாக ஒதுக்கிவைத்தேன். மற்றவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் இரவு முழுவதும் வைத்து, மழுங்கிய கத்தியால் மெல்ல நெம்பியபோது பாதிக்கு மேற்பட்டவை பசையுடனேயே பிரிந்தன. இத்தகைய முத்திரைகளை வைத்திருப்பவர்கள் இப்போதே தாள்களுக்கு இடையில் மெழுகுத்தாள் செருகிவிடவும்.

அடுத்த தடை தபால் கருமபீடத்தில் காத்திருந்தது. உறைக்குள் என்ன என்று கேட்ட உத்தியோகத்தர், முத்திரைகள் என்றதும் சுங்கப் படிவத்தை நீட்டி, பெறுமதியை எழுதச் சொன்னார். கடிதத்தில் ஒட்டச் செல்லாது, ஆனால் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் விளக்கியது அவருக்கு எரிச்சலையே மூட்டியது. "செல்லாது என்றால் பூச்சியம் என்று எழுதுங்கள். செல்லும் என்றால் இதைக் கடிதமாக எடுக்க முடியாது" என்றார். பூச்சியம் என்று எழுதிய உறை தொலைந்துபோனால் நட்டஈடு கேட்க வாயிருக்காது. அவருடைய குழப்பத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஏனெனில் சர்வதேசச் சுங்க வகைப்பாட்டிலேயே, உரிய நாட்டில் நடைமுறையிலுள்ள பாவிக்காத முத்திரைகள் 4907ஆம் தலைப்பிலும், ஏனையவை சேகரிப்புப் பொருள்களோடு 9704ஆம் தலைப்பிலும் வருகின்றன. எங்களுடையவை இரண்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்தவரை அழைத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே, விடுமுறைக்கு வந்திருந்த மச்சாளின் கைப்பையில் அவற்றைக் கொடுத்தனுப்பினேன். அவர் லண்டனில் தம் வீட்டருகேயுள்ள தபாலகத்துக்குக் கொண்டுபோனபோது, "திட்டம் முடிந்துவிட்டது" என்று சொல்லித் திருப்பியனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பதிலும் தவறு. தபாலகங்களை நடத்துவது வேறு நிறுவனம், கடிதங்களை விநியோகிக்கும் ரோயல் மெயில் வேறு நிறுவனம். முத்திரை மாற்றம் கருமபீடங்களில் நடப்பதே இல்லை. ரோயல் மெயிலின் இணையத்தளத்திலிருந்து படிவத்தை எடுத்து, எந்த வகையில் எத்தனை என்று நிரப்பி, முத்திரைகளுடன் எடின்பரோவிலுள்ள அந்நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பவேண்டும். மொத்தப் பெறுமதி 200 பவுண்டைத் தாண்டினால் அதற்குத் தனிப் படிவம் உண்டு. கட்டணமில்லாமல் அனுப்பும் வசதி பிரித்தானியாவுக்குள் மட்டுமே செல்லும். மச்சாள் அதை நம்பாமல், ஒவ்வொரு தாளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தம் செலவில் பதிவுத் தபாலில் அனுப்பினார். எத்தனை முத்திரைகள் சென்றன என்று பிற்பாடு வாதாட நேர்ந்தால் அந்தப் படங்களைத் தவிர வேறு சான்று இராது. ஆகவே இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கவேண்டாம்.

காசு தரமாட்டார்கள்; முத்திரைக்கு முத்திரைதான். எண்ணிக்கை சற்றும் குறையாமல் பார்கோடு முத்திரைகள் மச்சாளின் முகவரிக்கு வந்து சேர்ந்தன. அவருடைய அலுவலகம் ஆண்டு இறுதியில் நிறைய வாழ்த்து மடல்கள் அனுப்பும் என்பதால், வாங்கும் விலையைவிடச் சற்றுக் குறைத்து அவற்றை அங்கேயே கொடுத்துவிட்டு, பணத்தைப் பெரியம்மாவின் ஆண்டுத் திவசச் செலவுக்கு அனுப்பிவைத்தார். குப்பையில் போடச் சொன்ன மாமாவுக்கு அந்தக் கணக்கின் பிரதியொன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.