ஏழாம் பக்கமும் எட்டாம் பக்கமும்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

எங்கள் தெருக்கோடியில் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு ஒன்பது ஆல்பங்களைக் கொடுத்தார். எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய அரக்கு இசைத்தட்டுகள். ஆறு தட்டு கொண்ட ஒரு ஆல்பம் இரண்டு கிலோவுக்குக் குறையாது, அதனால் ஒவ்வொன்றாக, அடியில் கை கொடுத்துத்தான் மாடிக்கு ஏற்றினேன். முதுகுப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் பழைய தையல் விட்டுத் தட்டு நழுவிவிடும்.

மகள் ஒன்றைத் திறந்து பார்த்து, "அப்பா, இது கல்யாண ஆல்பம் மாதிரில்ல இருக்கு?" என்றாள். உண்மையில் அந்தச் சொல் அப்படித்தான் வந்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டிலேயே ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம்தான் கொள்ளும் என்பதால், நீளமான இசையைப் பல தட்டுகளில் வெட்டி, காகித உறைகளைப் புத்தகமாகத் தைத்து விற்றார்கள். 1909இல் ஓடியன் நிறுவனம் லண்டனில் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் நட்கிராக்கர் தொகுப்பை நான்கு தட்டுகளாக வெளியிட்டது இந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று. எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்து எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பட்டியல் வேலை தொடங்கியாயிற்று. பாடியவர் பெயரும் பாட்டின் பெயரும் மட்டும் எழுதினால் அது கடைக்காரர் பட்டியல். தட்டை எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். இசைத்தடம் முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெறும் வளையத்தில்தான் விஷயமே இருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் எழும்பி வரும். எச்எம்வி தட்டில் மேட்ரிக்ஸ் எண்ணுக்கு, அதாவது அந்தப் பக்கத்தின் பதிவு எண்ணுக்கு, பக்கத்தில் சின்ன முக்கோணம் இருந்தால் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் முறையில் செய்த பதிவு. சதுரம் இருந்தால் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் உருவாக்கிய முறை. ஸ்டீரியோவுக்கு 1931இலேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த மனிதர் அவர், 1942இல் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனார். அந்தச் சதுரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் நினைவு வரும்.

அப்புறம் லேபிளுக்கு வலப்பக்கம் ஓரிரு எழுத்து இருக்கும். கிராமபோன் லிமிடெட் என்பதைச் சுருக்கிய பத்து ஆங்கில எழுத்துகளை எண்களாக வைத்துக்கொண்டார்கள்: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ 3, எம் 4, இப்படியே போய்க் கடைசி எழுத்து 0. இன்று ஒரு தட்டில் 'ஆர் எம்' இருந்தது. அதாவது 24ஆவது அச்சிலிருந்து வந்த தட்டு, நன்றாக விற்றிருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

இன்று கிடைத்ததை நினைத்தால் இன்னும் கை பரபரக்கிறது. சிவப்பு லேபிள், டிபி 1751 முதல் 1756 வரை. ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கர் வயலினுக்கும் வாத்தியக்குழுவுக்கும் எழுதிய கன்செர்ட்டோ, 1932 ஜூலையில் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிவானது. வாசித்த யெஹூதி மெனுஹினுக்கு வயது 16, நடத்திய எல்கருக்கு 75. அதற்கு முந்தைய நவம்பரில்தான் அந்த ஸ்டூடியோவையே எல்கர் திறந்துவைத்திருந்தார்.

ஆனால் நான்காவது தட்டின் எண் வரிசையே வேறு. வைத்துக் கேட்டேன், இசை பின்னால் போனது! அரைமணி நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது. தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே விழும் ரேடியோகிராம்களுக்காக (ரேடியோவும் தட்டு இயக்கியும் சேர்ந்த பெட்டி) தனியாக ஒரு பதிப்பு போடுவார்கள். அதில் முதல் தட்டில் 1ஆம் பக்கமும் 12ஆம் பக்கமும், இரண்டாவதில் 2ம் 11ம், அப்படியே நான்காவதில் 4ம் 9ம் வரும். கையால் திருப்பும் சாதாரணப் பதிப்பில் நான்காவது தட்டு என்றால் 7ம் 8ம். யார் வீட்டிலோ நான்காவது உடைந்திருக்கிறது, கடையில் "நான்காவது" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆக 4ம் 9ம் இரண்டிரண்டு முறை இருக்கின்றன, 7ம் 8ம் இல்லவே இல்லை. அந்த உறையில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

பிப்ரவரி 11, ஞாயிறு

லண்டனுக்கு மேற்கே உள்ள ஹேய்ஸ் வரை போய்வந்தேன். ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா 1907இல் அடிக்கல் நாட்டிய இசைத்தட்டுத் தொழிற்சாலை, இப்போது குடியிருப்பும் அலுவலகமும். இடத்துக்கு 'ஓல்ட் வினைல் ஃபேக்டரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப்படுகிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கே பிழியப்பட்டது அரக்கு. நம் நாட்டுச் சோட்டா நாக்பூர் காடுகளில் புரச மரக் கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த பூச்சிப் பிசின் கப்பலேறி வந்து, கல்தூளும் புகைக்கரியும் சேர்த்து அரைபட்டுத்தான் எல்கரும் மெல்பாவும் வீடுகளுக்குப் போனார்கள்.

பிப்ரவரி 17, சனி

நாள் முழுக்கத் துடைப்பு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று: ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போடுகிறார்கள், உங்கள் தட்டும் அப்படியே கரையும். காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, லேபிள் நனையாமல் மெல்லிய பிரஷ், போதும். கொலம்பியா நிறுவனத்தின் தட்டு ஒன்று ஏற்கெனவே விளிம்பில் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் மேலும் கீழும் வழவழப்பான கறுப்பு, நடுவில் கரடான வேறு கலவை. இரைச்சல் குறைய அவர்கள் செய்த அடுக்கு வேலை கண்ணுக்கே தெரிகிறது.

மார்ச் 3, ஞாயிறு

பழைய ரெக்கார்டு சந்தை. ஒரு விற்பனையாளர் ஆல்பங்களைப் பிரித்துத் தட்டு தட்டாகப் போட்டிருந்தார். பார்க்கவே வயிறு எரிந்தது, ஒரு குடும்பம் வரிசையாக வைத்துக் கேட்டதை இப்படிக் கலைத்தால் மறுபடி சேர்ப்பது யார்? ஆனால் அந்தக் குவியலில்தான் டிபி 1754 இருந்தது. ஓரத்தில் நகக்கண் அளவு சில்லு, தடத்தைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்திலிருந்தே வைத்தேன். வாத்தியக்குழு நெடுநேரம் பேசி முடித்த பிறகுதான் அந்தப் பையனின் வயலின் உள்ளே வருகிறது, பெரியவர்கள் கூடிய சபையில் தயங்காமல் பேசத் தொடங்குகிற பிள்ளை மாதிரி. ஆறாம் பக்கம் முடிந்ததும் மகளே எழுந்து நான்காவது தட்டை எடுத்துவந்தாள், விளிம்பை மட்டும் பிடித்து.

தவறிப்போய் வந்த தட்டைத் தூக்கிப்போடவில்லை. அதுவும் இந்த ஆல்பத்தின் கதைதான். கடைசி உறையில் வைத்து, பட்டியலில் எழுதிவிட்டேன்: "4, 9 பக்கங்கள், தானியங்கிப் பதிப்பு, முந்தைய உரிமையாளர் சேர்த்தது. நான்காம் உறையில் பென்சில் கேள்விக்குறி, அழிக்க வேண்டாம்."