பின்பக்க ஸ்பீக்கரில் என்ன வைப்பது?

சினிமா ரீரெக்கார்டிங்கில் பழகியவர்கள் வீடியோ கேம் இசைக்கு வந்ததும் முதலில் செய்வது பின்பக்க ஸ்பீக்கர்களை நிரப்புவதுதான். 5.1 என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று என ஆறு சானல் கிடைத்திருக்கிறதே, சும்மா விடுவானேன் என்ற ஆசை. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் பின்னால் ஏதோ கேட்டாலும் திரும்ப மாட்டார். கையில் கன்ட்ரோலரோடு இருப்பவர் திரும்புவார், அதுதான் ஆட்டம். இடப்பக்கம் பின்னால் ஒரு ஷேக்கரை வைத்தால் அது அவருக்குக் காலடிச் சத்தம். கட்டையில் தட்டினால் யாரோ கதவைத் திறக்கிறார்கள்.

ஆகவே பின்னால் போக வேண்டியவை சட்டென்று தொடங்காத சத்தங்கள்: நீண்டு இழையும் வயலின் கூட்டம், கோரஸின் கார்வை, மண்டபத்தின் ரிவெர்ப், அதாவது சுவர்களில் பட்டுத் தேயும் எதிரொலி. தட்டுவதும் மீட்டுவதும் முன்னாலேயே நிற்கட்டும். ஆர்க்கெஸ்ட்ராவை நேரடியாகப் பதிவுசெய்ய வாய்ப்பிருந்தால் ஹமாசாகி சதுரம் நன்றாக உதவும். 2 முதல் 3 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும் எட்டு வடிவ மைக்குகள் (முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது), பக்கச் சுவர்களைப் பார்த்தபடி. மேடையிலிருந்து நேராக வரும் சத்தம் அவற்றின் செவிட்டுப் பக்கத்தில் விழுவதால் பதிவாவது பெரும்பாலும் மண்டபம்தான்.

அந்த வசதி இல்லாதபோது முன்பக்கச் சத்தத்தையே 15 மில்லிசெகண்ட் தாமதித்துப் பின்னால் அனுப்புவது ஒரு குறுக்குவழி. ஸ்டூடியோவில் அருமையாக இருக்கும். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போதுதான் வினை. அசலும் தாமதமான நகலும் ஒன்றோடொன்று மோதி 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், செல்லோ மெலிந்துபோகும். பின்பக்கத்துக்கு வேறொரு ரிவெர்ப்பைத் தனியாகப் போட்டால் இந்தச் சிக்கல் வராது.

நடு ஸ்பீக்கர் வசனத்துக்கு. இசையை நான்கே சானலில், அதாவது முன் இரண்டு பின் இரண்டாகக் கொடுத்துவிடுவது நல்ல வழக்கம். இடமும் மிச்சம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு நிமிட 5.1 ஏறக்குறைய 52 எம்.பி., நான்கு சானலில் அது 35 எம்.பி.க்குள் முடியும். பிறகு எப்படியும் ஃபைலைச் சுருக்கத்தான் போகிறார்கள். ஆனாலும் ஒரே இசையின் அடுக்குகளாக நான்கு லேயர் ஒன்றாக ஓடும்போது 24 சானலுக்குப் பதில் 16 சானல் என்பது புரோகிராமரிடம் நல்ல பெயர் வாங்கித் தரும்.

ஆறாவதான எல்.எஃப்.இ சானலையும், அடித்தொனியை ஒலிக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரையும் ஒன்றென்று நினைப்பது பழைய குழப்பம். முன் ஸ்பீக்கர்களுக்குப் போகும் அடித்தொனியை ரிசீவரே 80 ஹெர்ட்ஸ் சுமாருக்குக் கீழே பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். எல்.எஃப்.இ என்பது வெடிச்சத்தத்துக்கான தனிச் சானல், ஒலிக்கும்போது 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். ஸ்டீரியோவுக்குச் சுருங்கும்போது பெரும்பாலும் அது அப்படியே கைவிடப்படும். டிரம்மின் கிக்கை அங்கே மட்டும் வைத்தவருக்கு டிவியில் கிக்கே இருக்காது.

அறையைச் சரிபார்க்காமல் இதில் எதையும் முடிவுசெய்யக் கூடாது. நேர் முன்னாலிருந்து இருபக்கமும் முன் ஸ்பீக்கர்கள் 30 டிகிரி, பின்னவை 110 டிகிரி, எல்லாம் காதிலிருந்து ஒரே தூரம். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எல்லாவற்றையும் ஒரே அளவில் நிறுத்த வேண்டும். சின்ன அறைக்கு 79 டெசிபல் போதும். சினிமா மிக்ஸிங் அறையை வாடகைக்கு எடுத்தால் கவனம்: அங்கே பின்பக்கத்தை 3 டெசிபல் குறைத்து வைத்திருப்பார்கள். அதை நம்பி மிக்ஸ் செய்தால் வீட்டில் பின்பக்கம் 3 டெசிபல் தூக்கலாகக் கேட்கும்.

சினிமாவில் காட்சியின் நீளம் தெரியும். இங்கே தெரியாது. சண்டை 20 விநாடியில் முடியலாம், ஆடுபவர் ஒளிந்துகொண்டால் பத்து நிமிடமும் ஆகலாம். அதனால் அமைதி, பதற்றம், சண்டை என்று ஒரே நீளமுள்ள லேயர்களாக எழுதி, வைஸ் அல்லது எஃப்மாட் என்ற கேம் ஒலி மென்பொருளில் ஏற்றி இறக்குகிறோம். தாளவேகத்தைத் தேர்வதிலேயே கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் நான்கு தட்டுள்ள ஒரு பார் 48 கிலோஹெர்ட்ஸில் சரியாக 96,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளி). 100 என்றால் 1,15,200. 110 என்றால் 1,04,727.27, அந்தப் பின்னத்தை எங்காவது வெட்டியாக வேண்டும். இசைக்கு 110தான் வேண்டுமென்றால் 11 பார்களின் மடங்கில் லூப் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் 11 பார் சொற்றொடர் யாருக்கும் எளிதில் வராது.

லூப் முடியும் இடத்தில் ரிவெர்ப்பின் வால் அறுபட்டால் முன்னால் டிரம்மும் மெலடியும் அதை மறைத்துவிடும். பின்பக்கத்தில் இருப்பதே வால்தான் என்பதால் அங்கே வெட்டு அப்பட்டமாகக் கேட்கும். வாலை முடிவுக் குறிக்கு அப்பால் விட்டு அடுத்த சுற்றின்மேல் படரவிட வேண்டும். மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால் பாட்டை இரண்டு முறை ஓடவிட்டு இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுக்கலாம். லேயர்களை வெளியே எடுக்கும்போது உச்சச் சத்தத்தை அமுக்கும் மாஸ்டர் லிமிட்டரை அணைத்துவிடுவது முக்கியம். அது முழு மிக்ஸைக் கேட்டு அழுத்துவது. தனித்தனியாக எடுத்த லேயர்களைக் கூட்டினால் அதே மிக்ஸ் திரும்ப வராது.

சத்த அளவுக்கு சோனி வகுத்த வழிகாட்டுதலைப் பலர் பின்பற்றுகிறார்கள்: வீட்டுக் கன்சோலுக்கு மைனஸ் 24 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு), 2 கூடவோ குறையவோ. அது குறைந்தது 30 நிமிட ஆட்டத்தின் மொத்தச் சத்தத்துக்கான அளவு, இசைக்கு மட்டுமானது இல்லை.

ஃபைலை ஒப்படைக்கும்போது சானல் வரிசை காலை வாரும். வேவ் ஃபைல் இடம், வலம், நடு, எல்.எஃப்.இ, பின் இடம், பின் வலம் என்று எதிர்பார்க்கும். சினிமா வரிசையில் நடு இரண்டாவது, எல்.எஃப்.இ கடைசி. மாறிப்போனால் வலப்பக்க வயலின் நடுவிலிருந்து வரும், பின்பக்க இடது சப்வூஃபரில் போய் உறுமும். ஒவ்வொரு சானலிலும் அதன் பெயரைக் குரலில் சொல்லும் ஒரு சோதனை ஃபைலை முதலில் அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லாம் ஏற்றிய பிறகு, ஆட்டத்தை அறியாத ஒருவரை இசையோடு ஒரு கட்டமும், இன்னொருவரை இசையில்லாமல் அதே கட்டமும் ஆடவிட்டுப் பார்ப்போம். இசையோடு ஆடுபவர் மட்டும் வெற்றிடத்தைத் திரும்பிப் பார்க்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே பின்பக்கத்தை 3 டெசிபல் இறக்கி, புதிதாக வேறொருவரை உட்கார வைப்போம். ஒருமுறை ஆடியவர் அதற்கு உதவ மாட்டார், அவருக்குத்தான் எதிரி எங்கே என்று தெரிந்துவிட்டதே.