லென்ஸ் வளையத்தின் எழுத்து படத்தில் விழாமல் இருக்க

நீல நீரைப் பின்னணியாக வைத்து எடுத்த அகலக் கோணப் படம். கணினியில் திறந்து பார்த்தால் மேல் ஓரத்தில் வில் போல வளைந்த ஒரு வெளிறிய கீற்று. பெரிதாக்கினால் அது கீற்று இல்லை, எழுத்து. லென்ஸின் முன் வளையத்தில் வெள்ளை மையில் அச்சிட்டிருக்கும் பெயரும் ஃபில்டர் அளவும்தான் அங்கே நிற்கின்றன. நீருக்கடியில், ஹவுசிங் எனும் நீர்புகாப் பெட்டியில் கேமரா வைத்து எடுப்பவர்களில் பலர் இதை லென்ஸின் ஃபிளேர், அதாவது பலமான ஒளி லென்ஸுக்குள்ளேயே எதிரொளித்து விழும் திட்டு, என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஃபிளேர் வேறு, இது வேறு. ஃபிளேரைக் குறைக்கத்தான் முடியும், இதை அடியோடு நிறுத்திவிடலாம்.

வெளிச்சம் ஹவுசிங்கின் முன் சாளரமான போர்ட் வழியாக உள்ளே வந்து லென்ஸின் முன் வளையத்தில் படுகிறது. வெள்ளை எழுத்து அதைத் திருப்பி அனுப்புகிறது. அது போர்ட்டின் உள்முகத்தில் மோதி மறுபடி லென்ஸுக்குள் நுழைகிறது. போர்ட்டின் உள்முகம் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் இடம். அங்கே சுமார் 4 சதவீத ஒளி எதிரொளிக்கும். அக்ரிலிக்கிலும் ஏறக்குறைய அதே அளவுதான். வெளிமுகத்தில் கண்ணாடிக்கு அடுத்தது தண்ணீர் என்பதால் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆக, நம்மைத் தொந்தரவு செய்வது போர்ட்டின் உள்முகம் ஒன்றே.

4 சதவீதம் என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது நாலரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் குறைவான ஒளி (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). வெளிச்சமான மணல் மீது அது விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆழ்ந்த நீலம், குகை வாய், கப்பல் சிதைவின் உள்பக்கம், சூரியனை எதிர்த்து எடுக்கும் நிழலுருவம் ஆகியவற்றில்தான் காட்டிக்கொடுக்கும். அரைக்கோள வடிவ போர்ட்டான டோமில் படத்தின் மூலைகள் கூர்மையாக வர எஃப் 11, எஃப் 16 என்று துளையைச் சுருக்குகிறோம். அதே சுருக்கம் அருகிலிருக்கும் எழுத்தின் பிம்பத்தையும் கூர்மையாக்கிவிடுகிறது. எஃப் 4-இல் வெறும் பனிமூட்டமாக இருந்தது எஃப் 16-இல் வாசிக்கக்கூடிய எழுத்தாகிவிடும்.

பாதி நீர், பாதி வானம் எடுப்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல். டோமின் மேல்பாதி காற்றில் இருப்பதால் அங்கே வெளிமுகமும் 4 சதவீதம் எதிரொளிக்கும். வெயிலும் நேராக வளையத்தில் விழும்.

சரி, எதையெல்லாம் கறுப்பாக்குவது? போர்ட்டைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் கண்ணை வைத்து ஹவுசிங்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கிருந்து கண்ணுக்குப் பளிச்சென்று படுவது எல்லாமே போர்ட்டுக்கும் தெரியும். வெள்ளை எழுத்து முதல் குற்றவாளி. அடுத்து லென்ஸைச் சுற்றியிருக்கும் தங்க நிற, சிவப்புக் கோடுகள், தூர அளவுகோலின் மேல் உள்ள பிளாஸ்டிக் சாளரம், சாம்பல் நிற ஜூம் கியர், போர்ட்டை முன்தள்ளும் எக்ஸ்டென்ஷன் வளையத்தின் பளபளக்கும் உள்சுவர். பலர் கவனிக்காத ஒன்று: ஈரத்தை உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம். வெள்ளை வெளேர் என்று இருக்கும். நகர்ந்து போர்ட் பக்கம் வந்துவிட்டால் அதுவும் படத்தில் ஒரு திட்டாக விழும். அதைக் கேமராவுக்குப் பின்னால் டேப் போட்டு நிறுத்துங்கள்.

எழுத்தை மறைக்க எளிய வழி கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர். ஆனால் வழவழப்பான பிளாஸ்டிக்கில் மார்க்கர் மை காய்ந்தபின் ஊதா மினுமினுப்போடு நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அதுவே பளபளக்கும். இரண்டு பூச்சு கொடுத்தும் மினுங்கினால் டேப்புக்கு மாறிவிடுங்கள். மின்கம்பிக்குச் சுற்றும் இன்சுலேஷன் டேப் வேண்டாம்; அதுவும் பளபளப்பு, வெயிலில் பசை இளகி ஃபோகஸ் வளையத்துக்குள் கசியும். மேடை ஒளியமைப்பாளர்கள் பயன்படுத்தும் மங்கலான துணி டேப், அதாவது காஃபர் டேப், நல்லது. அதைவிடச் சிறந்தது தொலைநோக்கிக் குழாயின் உட்புறம் ஒட்டும் வெல்வெட் போன்ற கறுப்புத் தாள். ஒளியை விழுங்குவதில் அதை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. ஆனால் வெட்டிய விளிம்பிலிருந்து இழை உதிரும். ஒரே ஒரு இழை, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மேல் விழுந்தாலும் ஹவுசிங்கில் தண்ணீர் ஏறக்கூடும். ஆகவே ஓ-ரிங் பள்ளத்திலிருந்து குறைந்தது 5 மி.மீ. தள்ளியே ஒட்டுங்கள். ஒட்டி முடித்ததும் உதிரிகளை டேப்பால் ஒற்றி எடுத்த பிறகுதான் ஓ-ரிங்கில் கை வைக்க வேண்டும்.

லென்ஸில் நேரடியாக எதையும் ஒட்ட மனம் வராதவர்கள் வளையம் வெட்டிக்கொள்ளலாம். முன் வளையத்தின் வெளிவிட்டத்தை அளந்து அதில் அரை மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் கண்ணாடி தெரியும் வட்டத்தைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். 1 மி.மீ. தடிமனுள்ள மங்கலான கறுப்பு ஃபோம் ஷீட்டில் காம்பஸால் இரண்டு வட்டமும் போட்டு, முதலில் உள்வட்டத்தை வெட்டுங்கள். வெளிவட்டத்தை முதலில் வெட்டினால் பிடிக்க இடமில்லாமல் உள்விளிம்பு பிசிறும். இருபக்க டேப்பில் அரிசி அளவு துண்டு மூன்று போதும். மாட்டியபின் மிக அகலக் கோணத்திலும் மிக அருகு ஃபோகஸிலும் ஒரு படம் எடுத்து மூலை இருளுகிறதா என்று பாருங்கள். ஜூம் செய்யும்போது முன்பகுதி நீளும் லென்ஸ் என்றால், முழுதாக நீண்ட நிலையில் போர்ட்டை உரசுகிறதா என்பதும் முக்கியம். ஃபிஷ்ஐ லென்ஸுக்கு இந்த வளையம் சரிவராது. 180 பாகையும் பார்க்கும் லென்ஸ் தன் முன் எழும்பி நிற்கும் எதையும் பார்த்துவிடும். அங்கே மங்கலான கறுப்பு அக்ரிலிக் பெயின்டை மெல்லிய தூரிகையால் எழுத்தின் மேல் மட்டும் பூசுங்கள்.

முன்னால் மாட்டிய யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஹவுசிங்குக்குள் அது எதையும் காப்பாற்றப் போவதில்லை. எதிரொளிக்க இரண்டு முகங்களைக் கூட்டுவது மட்டும்தான் மிச்சம்.

வளையத்தை மறைத்தும் படத்தில் ஏதாவது தெரிந்தால் அதன் வடிவத்தை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். சூரியனிலிருந்து படத்தின் மையம் வழியாக எதிர்மூலைக்கு வரிசையாகப் போகும் புள்ளிகள் லென்ஸின் சொந்த ஃபிளேர். ஒரே இடத்தில் நிற்கும் சிவப்போ ஆரஞ்சோ ஆட்டோஃபோகஸ் உதவி விளக்கு, மெனுவில் அணைத்துவிடுங்கள். விட்டுவிட்டு வரும் பச்சை, ஹவுசிங்கில் கசிவு இருந்தால் எச்சரிக்கும் வெற்றிட அலாரத்தின் எல்இடி. அதை முழுக்க மூடினால் எச்சரிக்கை தெரியாது. போர்ட்டின் பக்கம் மட்டும் டேப்பால் சின்னச் சுவர் எழுப்பினால் போதும். படம் முழுக்க ஒரு பக்கமாக வெளிறியிருந்தால், கேமராவின் உள் ஃபிளாஷால், ஃபைபர் கேபிள் வழியே, வெளி ஃபிளாஷான ஸ்ட்ரோபைத் தூண்டுகிறீர்களா என்று பாருங்கள். அந்த ஒளி கேமராவைச் சுற்றி வந்து போர்ட்டுக்குள் கசிகிறது. ஃபிளாஷைச் சுற்றிக் கறுப்புத் தடுப்பு வைத்து ஃபைபர் துளையை மட்டும் திறந்துவிடுங்கள். டோமின் ஓரத்தில் மட்டும் வெளிறினால் ஸ்ட்ரோப் நேராக டோமில் அடிக்கிறது. கைப்பிடிகளுக்குப் பின்னால் இழுத்து, சற்று வெளிப்புறமாகத் திருப்புங்கள்.

தட்டைப் போர்ட்டும் மேக்ரோவும் (மிக அருகிலிருந்து எடுப்பது) என்றால் எழுத்து வருவது பெரும்பாலும் வெள்ளை மணலுக்கு அருகில்தான். ஸ்ட்ரோப் ஒளி மணலில் பட்டு நேராக வளையத்துக்கு எகிறும். வெளியே மாட்டும் குளோஸப் லென்ஸ் இருந்தால், நீரில் இறங்கியதும் அதைத் திறந்து போர்ட்டுக்கும் அதற்கும் இடையே சிக்கிய காற்றுக்குமிழியை விரலால் தேய்த்து வெளியேற்றுங்கள். குமிழி இருக்கும்வரை அங்கே மறுபடி கண்ணாடியும் காற்றும் சந்திக்கின்றன, அதாவது இன்னொரு 4 சதவீதம்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் இருட்டறையில் ஒரு சோதனை. எதிரே கறுப்புத் துணி, கேமரா ஹவுசிங்குக்குள், எஃப் 16, ஐஎஸ்ஓ 1600. படச்சட்டத்துக்குச் சற்று வெளியே நின்று சாய்வாக டார்ச்சைப் போர்ட்டுக்குள் அடித்தபடி நாலு பக்கமும் ஒவ்வொரு படம். ஃபிஷ்ஐக்குச் சட்டத்தின் விளிம்பிலேயே டார்ச் இருக்கட்டும். பின்திரையில் பெரிதாக்கி ஓரங்களைத் தேடுங்கள். காற்றில் போர்ட்டின் இரண்டு முகமும் எதிரொளிப்பதால் இது தண்ணீரைவிடக் கடுமையான பரீட்சை. இங்கே சுத்தமாக வந்தால் கீழேயும் சுத்தமாகவே வரும்.

பழைய டேப்பின் பசையைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் சரிதான். துணியில் நனைத்து, லென்ஸின் வளையத்தில் மட்டும். அக்ரிலிக் டோம் பக்கம் அந்தத் துணியைக் கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் நூல் நூலாக விரிசல் ஓடும், அது பாலிஷ் போட்டும் போகாது.