மேக்ஸ் 100-க்கு ஒரு மீட்டர் வேணும்

சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு ஸ்பீடோமீட்டர் இருக்கா என்று கேளுங்கள். நாலு கடைக்காரர்கள் எழுந்து வருவார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி சொல்வார்கள். மேக்ஸ் 100-க்கு என்று கேட்டால், "அத்த இன்னுமா ஓட்டிக்கினு இருக்க?" என்பார்கள்.

ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். 1996 மாடல், டிவிஎஸ் சுசுகி பைக். செம்பாக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன ஒரு எச்.பி. மோட்டாரைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி எடுத்துவர இதைவிடத் தோதான வண்டி எனக்கு இதுவரை அமையவில்லை. போன ஐப்பசியில் கடை வாசலில் நின்றுகொண்டிருந்த வண்டி மேல் தண்ணி கேன் ஏற்றிவந்த குட்டியானை ஒன்று ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டது. ஹேண்டில் பாரை நிமிர்த்தியாகிவிட்டது, ஹெட்லைட் மாற்றியாகிவிட்டது. மீட்டர் மட்டும் கண்ணாடி உடைந்து, டயல் பிளந்து கிடந்தது. மேலே பாலிதீன் பை சுற்றி வைத்தேன். அந்த மழைக்குப் பை எந்த மூலைக்கு? உள்ளே காந்தம் துருவேறி, முள் 20-லேயே ஒட்டிக்கொண்டது.

மீட்டர் இல்லாமலே ஓட்டுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். சத்தத்தை வைத்தே வேகம் சொல்கிற டூ-ஸ்ட்ரோக்காரர்களும் உண்டு. ஆனால் என் வண்டிக்கு ஆர்.சி. ரினிவல் வருகிறது. 15 வருடம் முடிந்த வண்டியை அதன்பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் ஸ்பீடோமீட்டருக்கென்றே ஒரு விதி இருக்கிறது, 117-வது. அது கிடக்கட்டும். பெட்ரோல் முள் இல்லாத வண்டியில் டேங்க்கில் எவ்வளவு மிச்சம் என்பதற்குக் கிலோமீட்டர் கணக்குதான் ஒரே வழி.

புதுசு கிடைக்குமா என்று முதலில் டீலரிடம் விசாரித்தேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் அங்கிருந்த பையன். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிந்தது 2001-ல். அவன் அப்போது பிறந்திருப்பானா என்பதே சந்தேகம்.

அடுத்தது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே ஒரு கடையில் 'மேக்ஸ் 100' என்று ஸ்டிக்கர் ஒட்டிய புது மீட்டரே கிடைத்தது. 450 ரூபாய். பளபளவென்று இருந்தது. சரியாகக் காட்டாவிட்டால் திருப்பிக்கொள்வதாகப் பேசிக்கொண்டு இரண்டு எடுத்துவந்தேன். எதற்கு இரண்டு என்று கடைக்காரர் கேட்கவில்லை. காரணம் இருந்தது.

கேபிள் மீட்டருக்குள் நடப்பது என்னவென்று தெரிந்தால்தான் இது புரியும். முன்சக்கரத்தின் பிரேக் பிளேட்டுக்குள் ஒரு பல்சக்கரம் இருக்கும். அது கேபிளைச் சுற்றும், கேபிள் மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுற்றும். காந்தத்துக்கு மேலே, அதைத் தொடாமல், ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்பி அதையும் கூடவே இழுக்கும். போகவிடாமல் ஒரு மயிரிழை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அங்கே முள் நிற்கும். பழைய ஈ.பி. மீட்டரில் அலுமினியத் தட்டு சுற்றுமே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். ஒட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மன்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1902-ல். அதே தத்துவத்தில்தான் என் வண்டியும் ஓடுகிறது.

ஆக, மீட்டருக்கு வேகம் தெரியாது. கேபிள் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரியும். ஜப்பான் வழி வந்த பைக்குகளில் பொதுவான கணக்கு: கேபிள் 1400 ஆர்.பி.எம். சுற்றினால் முள் 60-ல் நிற்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர். அப்படியானால் ஒரு மீட்டர் தூரத்துக்குக் கேபிள் 1.4 சுற்று. என் வண்டி அந்தக் கணக்கில்தான் வருகிறதா என்று பார்த்துவிடலாமே என்று முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, கையால் பத்துச் சுற்று சுற்றினேன். மேலே கழற்றிவிட்ட கேபிள் நுனியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, கடைப் பையனை எண்ணச் சொன்னேன். 25-ஐத் தாண்டியது, 26 வரவில்லை. டயரின் சுற்றளவு 1.82 மீட்டர். பத்துச் சுற்றுக்கு 18.2 மீட்டர். வகுத்தால் 1.4.

இப்போது என் தொழில் கைகொடுத்தது. சாதாரண நாலு போல் (காந்தத் துருவம்) மோட்டார், அதாவது பிளேட்டில் 1440 ஆர்.பி.எம். என்று போட்டிருக்குமே, அது லோடு இல்லாமல் ஓடினால் 1490 பக்கம் ஓடும். அந்த மோட்டார் ஷாஃப்ட்டில் பழைய கேபிளின் சதுர நுனியைப் பொருத்திவிட்டால், மீட்டரைச் சோதிக்க வேறு மெஷினே வேண்டாம். சரியான மீட்டர் 64-ஐ ஒட்டி நிற்கும். கம்பெனி மீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் 66, 67 வரை மன்னிக்கலாம். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டும். ஸ்டார்ட்டிங் காயில் முனைகளை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும்.

புது மீட்டர் இரண்டையும் மாட்டிப் பார்த்தேன். ஒன்று 51. இன்னொன்று 78. ஒரே பெட்டி, ஒரே ஸ்டிக்கர், ஒரே விலை!

கம்பெனியில் இந்தக் காந்தத்துக்கு முழுச் சக்தியும் ஏற்றிவிட்டு, முள் சரியான இடத்துக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். அந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மீட்டர் மலிவாகச் செய்யலாம். 51 காட்டுகிற மீட்டரை நம்பி ஓட்டுகிறவர் நிஜமாகப் போவது 64. நாலு சுவருக்குள் மோட்டாரை வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த மீட்டரை நம்பிப் போகிறவரை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். பேசியபடி கடைக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டார், முகம்தான் கோணியது.

டிஜிட்டல் மீட்டர் போடச் சொல்லிக் கடைப் பையன் ஒரு வாரம் நச்சரித்தான். சக்கரத்தில் காந்தம், ஃபோர்க்கில் சென்சார், டயர் சுற்றளவை நாமே பதிவு செய்துகொள்ளலாம், துல்லியமாகக் காட்டும். எல்லாம் சரி. ஆனால் அதற்கு ஏற்ற இறக்கம் இல்லாத 12 வோல்ட் டி.சி. வேண்டும். பழைய டூ-ஸ்ட்ரோக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரி இல்லாமல் நேராக இன்ஜினின் மேக்னட் காயிலில் எரியும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடும். அந்த லைனில் கொண்டுபோய் டிஜிட்டலைக் கோர்த்தால் ஆயுசு எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. தற்காலிகமாகச் சமாளிக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை சைக்கிள் கம்ப்யூட்டர். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பட்டன் செல்லில் ஓடும், வண்டி ஒயரிங்கைத் தொடவே வேண்டாம். சுற்றளவை மில்லிமீட்டரில் கொடுத்தால் போதும், 1820. நான் அதைத்தான் சில வாரம் ஓட்டினேன். ராத்திரியில் எண் தெரியாது என்பதுதான் குறை.

கடைசியில் எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கே நடந்தேன். காலையில் போவது நல்லது. மத்தியானத்துக்கு மேல் லாங்ஸ் கார்டன் ரோடு பக்கம் கால் வைக்க இடமிருக்காது. கூவத்துக் காற்றோடு கிரீஸ் வாசனையும் பொசுங்கிய ரப்பர் வாசனையும் கலந்து வரும். தரையில் தார்ப்பாய் விரித்து மீட்டர்களைக் குவித்து வைத்திருந்தார் ஒரு பாய்.

"மேக்ஸ் 100-க்கு இருக்கா பாய்?"

"பேரு தெரியாதுண்ணே. குவியல்ல பாத்து எடுத்துக்க. எது எடுத்தாலும் இருநூறு."

பெயர் தேவையில்லைதான். குவியலில் பல மீட்டர்களின் முதுகில் பிரிக்கால் என்ற பெயர் புடைத்திருந்தது. கோயம்புத்தூரில் 1975-ல் தொடங்கிய கம்பெனி. நம் நாட்டில் எத்தனையோ பிராண்டு வண்டிகளுக்கு மீட்டர் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். மேலே டயலும் மூடியும் வண்டிக்கு வண்டி மாறும், உள்ளே இருக்கும் சரக்கு பல சமயம் அண்ணன் தம்பியாகத்தான் இருக்கும். அதனால் நான் டயலைப் பார்க்கவே இல்லை. என் கேபிளின் மேல்முனையைக் கையோடு கொண்டு போயிருந்தேன். மரை ஏறுகிறதா, சதுர நுனி ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்தேன். உட்கார்ந்தால், நுனியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துச் சட்டென்று சுண்டினேன். முள் துள்ளி எழுந்து, தயங்காமல் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பாதியில் நின்று நின்று இறங்கினால் புஷ் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் உள்ளே கிரீஸ் ஏறியிருக்கும். திரும்பவே இல்லையென்றால் ஸ்பிரிங் போய்விட்டது. குலுக்கினால் உள்ளே கடகட சத்தம் வருவதைத் தொடாதீர்கள்.

தேறியது ஒன்றுதான். வெயிலில் டயல் வெளுத்து, எந்த வண்டியுடையது என்று பாய்க்கே தெரியாத ஒன்று. 150-க்கு முடித்தேன். கடைக்கு வந்து மோட்டாரில் மாட்டினால் 65. முள் ஆடாமல் நின்றது. பையன் விசிலடித்தான்.

அதன்பிறகு நடந்தது ஒரு சாயங்கால வேலை. அதன் எந்திரத்தை மட்டும் கழற்றி என் பழைய கூட்டுக்குள் உட்கார வைத்தேன். ஸ்க்ரூ ஓட்டைகளில் இரண்டு பொருந்தின, மூன்றாவதைத் துளைத்துக்கொண்டேன். முள்ளைக் கழற்றும்போது நெம்பக்கூடாது. முள்ளின் தண்டு ஊசியை விட மெல்லியது, வளைந்துவிட்டால் வாங்கிய மீட்டர் குப்பைக்குத்தான். இரண்டு டீஸ்பூன்களை எதிரெதிராகச் செருகி, ஒரே நேரத்தில் அழுத்தினால் நேராக மேலே வந்துவிடும். திரும்பப் போடும்போது, மோட்டாரை ஓடவிட்டு 64-க்கு நேராக வைத்து அழுத்தினேன். டயலுக்கு ஸ்கேன் எடுத்துப் போட்டோ ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். கண்ணாடிக்கு 2 எம்.எம். அக்ரிலிக் ஷீட். இதை ஒட்ட ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி படிந்து அக்ரிலிக் வெள்ளை பூத்துவிடும். சிலிகான் போதும், மழைத் தண்ணீரையும் அதுவே தடுக்கும்.

கிலோமீட்டர் எண் ஒரு விவகாரம். பாயிடம் வாங்கியதில் இருந்தது யாரோ ஓட்டிய கணக்கு. என் பழைய மீட்டர் நின்ற எண்ணுக்கே உருளைகளைத் திருப்பி வைத்துவிட்டு, மாற்றிய தேதியையும் அந்த எண்ணையும் சைடு கவரின் உள்பக்கம் பெயிண்ட் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். நாளைக்கு வண்டி யார் கைக்குப் போனாலும் தெரியட்டும். குறைத்து வைத்து விற்கிற வேலை நமக்கு வேண்டாம்.

கேபிளுக்குக் கிரீஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்முனையில் அரை அடிக்கு அதைப் பூசவே பூசாதீர்கள். சுற்றுகிற கேபிளில் கிரீஸ் மேலே ஏறிக்கொண்டே போகும். மீட்டருக்குள் போய்க் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அடைத்துவிட்டால், நீங்கள் 30-ல் போனாலும் முள் 100-ஐக் காட்டும். புதுப்பேட்டைக் குவியலில் பாதி மீட்டர் இப்படிச் செத்தவைதான்.

ரோட்டில் சரிபார்க்க செல்போன் ஜி.பி.எஸ். போதும். போன் இல்லாத காலத்து வழியும் ஒன்று உண்டு: முள்ளை 60-ல் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த கிலோமீட்டர் கற்கள் இரண்டுக்கு நடுவே வாட்ச்சைப் பார்த்தால், சரியாக 60 வினாடி ஆக வேண்டும். வண்டலூர் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், பையனைப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தேன். 62 வினாடி ஆனது. கம்பெனி மீட்டரே இவ்வளவு கூட்டிக் காட்டும், போதும் என்று விட்டுவிட்டேன்.

மேக்ஸ் 100-இன் ஒரிஜினல் மீட்டர் மேல்மூடி யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். என்னுடையதில் இடது ஓரம் விரிசல், எம்-சீல் வைத்து ஒப்பேற்றியிருக்கிறேன். பதிலுக்கு ஒரு மிக்ஸி மோட்டார் இலவசமாகக் கட்டித் தருகிறேன்.