விட்டன்பெர்க்கில் ஒரு பீட ஓவியத்துக்கு முன்னால்

ஜெர்மனியில் விட்டன்பெர்க் ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது கோட்டை ஆலயத்தின் கதவைத்தான். 1517 அக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூத்தர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்த தன் 95 வாதங்களை அங்கேதான் அறைந்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. அந்த மரக்கதவு 1760-ல் போரின்போது எரிந்துபோய்விட்டது. இப்போது நாம் பார்ப்பது 1858-ல் வைத்த வெண்கலக் கதவு, 95 வாதங்களும் லத்தீனில் அதிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. நானும் அங்கே நின்றேன், ஜெபித்தேன், சரி. ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பரிசுத்த மரியாள் ஆலயம், லூத்தர் ஊர் ஜனங்களுக்குப் பிரசங்கம் பண்ணிவந்த இடம்.

அங்கே பீடத்தில் லூக்காஸ் கிரானாக் பட்டறையின் ஓவியம் இருக்கிறது, 1547-ல் வைத்தது. மேலே நடுவில் இராப்போஜனம், ஒரு பக்கம் ஞானஸ்நானம், இன்னொரு பக்கம் பாவ அறிக்கை. எல்லாமே அழகுதான், ஆனால் கண் கீழே இருக்கும் நீளமான பலகைக்குத்தான் போகும். அதில் வலப்பக்கம் பிரசங்க பீடத்தில் லூத்தர் நிற்கிறார், ஒரு கை திறந்த வேதாகமத்தின்மேல் இருக்கிறது, இன்னொரு கை நீண்டு எதையோ காட்டுகிறது. இடப்பக்கம் சபையார், பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். இரண்டுக்கும் நடுவே வெறும் கல்தரை, அதில் சிலுவையில் தொங்கும் இயேசு. அவ்வளவுதான். மெழுகுவர்த்தி, காணிக்கைப் பெட்டி, புனிதர்களின் வரிசை என்று அந்த இடைவெளியில் வேறு ஒன்றும் இல்லை. சபையாரின் கையிலும் கொண்டுவந்து கொடுக்க எதுவும் இல்லை, அவர்கள் கேட்கிறார்கள், பார்க்கிறார்கள்.

இந்த வெறுமை அந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கோட்டை ஆலயம் அன்று எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். இளவரசர் ஃபிரெடரிக் சேர்த்துவைத்த, புனிதர்களின் எலும்பு போன்ற புனிதப் பொருட்கள் 1520 வாக்கில் ஏறக்குறைய 19,000 துண்டுகள். பக்தியோடு வந்து பார்த்துக் காணிக்கை போட்டால் இறந்தபின் பாவத்துக்குத் தண்டனை அனுபவிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தண்டனைக்காலம் குறையும் என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. பக்கத்து எல்லையில் டெட்சல் என்ற துறவி விற்ற பாவமன்னிப்புச் சீட்டை வாங்கவும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். லூத்தரும் துறவி மடத்தில் உபவாசம், விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை என்று எல்லாவற்றையும் செய்துபார்த்தவர்தான், ஆனால் எவ்வளவு செய்தாலும் "இது போதுமா?" என்ற கேள்வி அவரை விடவில்லை. அந்தக் கேள்வியோடுதான் அவர் ரோமர் நிருபத்துக்குள் போனார்.

என் பெரியம்மாவும் கடைசி நாட்களில் இதையேதான் கேட்டார்கள், "நான் பண்ணினது போதுமாப்பா?" என்று. வாழ்நாள் முழுக்க ஆலயத்துக்கு ஓடினவர்கள், பசித்தவர்களுக்குச் சோறு போட்டவர்கள். அந்த ஓவியத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் முகம்தான் எனக்குள் நின்றது. அவர்கள் செய்ததை எல்லாம் கூட்டிப்பார்த்து யாராலும் "போதும்" என்று சொல்ல முடியாது, எனக்கும் முடியாது. போதுமானதைச் செய்தவர் அந்தச் சிலுவையில் தொங்குகிறவர். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று பவுல் எழுதினது சாகப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு ஒரு நற்செயல் செய்யக்கூட நேரம் இல்லை, "என்னை நினைத்தருளும்" என்று கேட்டான், அன்றைக்கே பரதீசு கிடைத்தது.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று உடனே கேட்பார்கள், நியாயமான கேள்விதான். பவுலின் அந்த வார்த்தைகள் வரும் எபேசியர் 2-லேயே 10-ம் வசனம் நற்கிரியைகளைச் செய்வதற்காக நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது, கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபும் சொல்கிறார். பெரியம்மா போட்ட சோறு வீணே அல்ல. அது பரலோகத்துக்குக் கட்டின விலையும் அல்ல, ஏற்கெனவே நேசிக்கப்பட்ட ஒருத்தி செய்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனதில்லை. அதே ஆலயத்தின் வெளிச்சுவரில், உயரத்தில், யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு பழைய கல்சிற்பம் இருக்கிறது. லூத்தருக்கு முந்தைய காலத்தது அது, ஆனால் 1543-ல் யூதர்களைப் பற்றி அவரே எழுதினவை படிக்கவே வலிக்கும். கீழே தரையில் 1988-ல் பதித்த நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். கிருபையைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசின வாயிலிருந்து அந்த வெறுப்பும் வந்திருக்கிறது. அதை மழுப்பக் கூடாது, "அந்தக் காலம் அப்படி" என்று கடந்துபோகவும் கூடாது. ஓவியத்தில் அவர் விரல் தன்னைக் காட்டவில்லை என்பதை அங்கே நின்றபோதுதான் நான் உண்மையாகவே நன்றியோடு நினைத்தேன். நாங்கள் விசுவாசிப்பது லூத்தரை அல்ல.

அவருடைய கல்லறை கோட்டை ஆலயத்தில், பிரசங்க பீடத்தின் அடியில் இருக்கிறது. 1546 பிப்ரவரி 18-ல் ஐஸ்லேபனில் இறந்தபோது அவர் கடைசியாக எழுதிவைத்த ஒரு துண்டுத்தாள் கிடைத்தது, அதன் முடிவில் நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை என்று இருந்தது. வேதாகமத்தை மொழிபெயர்த்ததையோ பேரரசர் முன் நின்றதையோ அவர் அங்கே கணக்குக் காட்டவில்லை.

அப்புறம், நீங்கள் விட்டன்பெர்க் போவதாக இருந்தால் மரியாள் ஆலயத்துக்கென்று நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். படம் எடுத்துவிட்டு ஓடாமல் அந்தக் கீழ்ப்பலகைக்கு எதிரே உட்கார்ந்து ரோமர் 3-ம் 4-ம் அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். 1515-ல் தொடங்கி லூத்தர் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு நடத்திய நிருபம் அது.