ஐராவதிக் கரையில் மடிந்த எங்கள் பெரியதாத்தா

மலாயாவில் (இன்றைய மலேசியா) சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தாவின் அண்ணன், 1943ஆம் ஆண்டின் இறுதியில், ஜப்பானியரின் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து தலைமையேற்றதும், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாகப் பெயர் கொடுத்த காலம் அது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலேயே பிறந்து வளர்ந்த பெரியதாத்தா இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

அப்போது மலாயாவை ஆண்டு, சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு ஆள்பிடித்த ஜப்பானியரிடமிருந்து தப்பவே பலர் படையில் சேர்ந்தனர் என்பார்கள். அதில் உண்மை உண்டு. மரவள்ளிக் கிழங்கே உணவாகிவிட்ட பஞ்சமும் அவர்களை விரட்டியது. ஆனால் அவ்வளவுதான் என்று முடித்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரைக்கும் எழுத்தரான கிராணிக்கும் முன்னால் கைகட்டி நின்றே பழகிய ஒருவர், துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்து நின்று, தம்மை ஒரு நாட்டின் படைவீரர் என்று சொல்லிக்கொண்டது சிறிய செய்தியன்று. பயிற்சி முகாமிலிருந்து ஒருமுறை வீட்டுக்கு வந்தவர், கங்காணியைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுக்கவில்லையாம். தாத்தா இதை எத்தனை முறை சொன்னாலும் அவர் குரலில் பெருமிதம் குறைந்ததில்லை.

மலாயாத் தமிழர் பலர் இடம்பெற்றிருந்த நேரு படைப்பிரிவு, குர்பக்ஷ் சிங் தில்லான் தலைமையில் 1945 பிப்ரவரியில் பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையைக் காத்து நின்றது. விமானங்களின் துணையோடு ஆற்றைக் கடந்த பிரிட்டிஷ் படையை எதிர்க்க அவர்களிடம் போதிய ஆயுதங்கள் இல்லை. பெரியதாத்தா அங்கேதான் இறந்தார் என்று, போர் முடிந்து திரும்பிய தோழர் ஒருவர் தோட்டத்துக்கு வந்து தெரிவித்தார். உடல் கிடைக்கவில்லை, நாளும் தெரியவில்லை. போருக்குப் பின் டெல்லி செங்கோட்டையில் பிரிட்டிஷார் அவர்மீது நடத்திய வழக்கால் தில்லானின் பெயரை இந்தியா முழுவதும் அறிந்தது. அவருக்குக் கீழே நின்று மடிந்த தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்களை அவர்களுடைய வீட்டார் மட்டுமே அறிந்திருந்தார்கள்.

மலேசியாவின் தைப்பிங் போர்க் கல்லறையில், பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட காமன்வெல்த் வீரர்களுக்குக் கற்கள் நிற்கின்றன. எதிரணியில் போரிட்டவருக்கு அங்கே இடம் ஏது? மடிந்த வீரர்களுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும் திரும்பிவந்த பிரிட்டிஷார் சில மாதங்களுக்குள் தகர்த்துவிட்டனர். அந்த இடத்தில் 1995இல்தான் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

இறந்த திதி தெரியாததால், ஆடி அமாவாசையன்று அவர் பெயரைச் சொல்லிப் படையல் வைக்கிறோம். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்தால், அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும், யார் வழியாகச் செய்தி வந்தது என்பதையும் மூத்தவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிக்கப்பட்டு, ஒரே தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் பல ஊர்களுக்குச் சிதறிவிட்ட நிலையில், இதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள்.