பிள்ளைக்காகப் போட்ட பாதை

ஜப்பானில், யோகோஹாமாவில் இருக்கும் என் மகளுக்கு இது ஏழாம் மாதம். "சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கிற இடம்மா" என்று ஒரு சனிக்கிழமை காலை அவள்தான் என்னைக் கமகுராவுக்குக் கூட்டிப்போனாள்.

கடைத்தெருவின் நடுவே, வண்டிகள் போகும் தளத்தைவிட உயரமாக ஒரு நடைபாதை. இருபுறமும் செர்ரி மரங்கள். தான்கசுரா என்று பெயர். கமகுராவை ஆண்ட மினமோதோ யோரிதோமோ, மனைவி ஹோஜோ மசாகோ நல்லபடியாகப் பிள்ளை பெற வேண்டுமென்று 1182-ல் போட்டது. மசாகோவின் அப்பாவே கல் சுமந்தாராம். ட்சுருகஓகா ஹச்சிமான் கோயிலை நெருங்க நெருங்கப் பாதை குறுகிக்கொண்டே போகிறது. அந்த வருடமே மூத்த மகன் யோரியியே பிறந்தான்.

குளத்துக்கு நடுவே பென்ஸைத்தென் சன்னதி. நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தவள். அதன் பின்னால் இருக்கும், பிள்ளைப்பேறுக்கு வேண்டிக்கொள்ளும் மசாகோ கல்லின் முன் மகள் வெகுநேரம் நின்றாள்.

பிரதான சன்னதிக்கு 61 படிகள். அவளைக் கீழே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன். படியோரம் 2010-ல் காற்றில் சாய்ந்த பெரிய கிங்கோ மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. வேரிலிருந்து புதுக் கிளைகள் விட்டிருக்கின்றன. மசாகோவின் இளைய மகன், மூன்றாவது ஷோகுன் (படைத்தலைவராக இருந்து நாட்டை ஆள்பவர்) சனேதோமோ, 1219-ல் பனி கொட்டிய ஓர் இரவில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது வெட்டப்பட்டது இங்கேதான். வெட்டியவன் யோரியியேயின் மகன் குக்யோ, மசாகோவின் சொந்தப் பேரன். அவனையும் உடனே கொன்றுவிட்டார்கள்.

அந்த யோரியியேயும் இல்லை. அவனைப் பதவியிலிருந்து இறக்கி ஷுசென்ஜி கோயிலில் அடைத்து, 1204-ல் தீர்த்துக்கட்டினார்கள். அதில் மசாகோவின் பிறந்த வீட்டுக் கை இருந்தது என்கிறார்கள். மகள்கள் இருவரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். பெற்ற நாலையும் பறிகொடுத்தவள், 1221-ல் கியோத்தோ அரசவை படை திரட்டியபோது, யோரிதோமோ செய்த நன்மையை நினைவூட்டிச் சாமுராய்களைத் தன் பக்கம் நிறுத்தினாள். துறவுக்கோலத்திலேயே ஆட்சியை நடத்தியதால் 'பிக்குணி ஷோகுன்' என்று பெயர். இத்தனையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி ராஜ்யம் பார்த்தாளோ! எனக்கு அவள்மேல் பக்தியைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

அங்கிருந்து நடந்தே ஜுஃபுகுஜி. யோரிதோமோ இறந்த மறுவருடம், 1200-ல், எய்சாய் துறவியை வைத்து மசாகோ எழுப்பிய ஜென் பௌத்தக் கோயில். உள்வாசல் பூட்டியிருந்தது, சுற்றிக்கொண்டு பின்னால் மயானத்துக்குப் போனோம். பாறையில் குடைந்த சிறு குகைகள். ஒன்றில் மசாகோ, பக்கத்திலேயே சனேதோமோ என்று சொல்கிறார்கள். முழங்கால் அளவுக்கு ஐந்தடுக்குக் கல், அதன் மேல் ஈரப் பாசி. அவ்வளவுதான்.

கையில் குங்குமப் பொட்டலம் இருந்தது. தலையை மழித்துத் துறவு பூண்டவளுக்கு அதை வைப்பதா? மனசு வரவில்லை. பாட்டிலைத் திறந்து, மிச்சமிருந்த தண்ணீரைக் கல்முன் விட்டேன்.

"இங்கேயும் தண்ணிதாம்மா விடுவாங்க" என்றாள் மகள்.